முன்வரிசையில் இரண்டு நாற்காலிகள்

பாட்டுக் குழுவின் பஸ் வந்து நின்றபோது என் இரண்டு கையிலும் மாவு அப்பியிருந்தது. கழுவ நிற்கவில்லை. சட்டியில் ரொட்டி பொரிக்கிற கொழுப்பு காய்ந்துகொண்டிருந்தது. எங்கடி போறே என்று அம்மா கேட்டது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டேன்.

மேடைக்குப் பின்பக்கம் போக வேண்டுமானால் முன்வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும். முன்வரிசையில் சரியாக நடுவில், எங்கள் பக்கத்து வீட்டு தோன் ஹெபெரும் அவர் மனைவி தோன்யா நிபியாவும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்களை எங்கள் பேட்டையில் தோன், தோன்யா என்றுதான் கூப்பிடுவோம். அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். அந்தம்மா மடியில் வெந்நீர் பிளாஸ்க். மாத்தே இலைத் தேநீர் ஊற்றி அவர் கையில் கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்து, எங்களுக்கு ரெண்டு ரொட்டி எடுத்து வை, சர்க்கரை தூக்கலா என்றார். தலையை ஆட்டினேன். வாயைத் திறந்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தத் திடல் முழுக்க அந்த மனுஷரைப் பார்த்துச் சிரிக்கப் போகிறது. அவருக்கு வேலை போய் எத்தனையோ மாதம் ஆகிறது என்பதை அந்தச் சிரிப்பில்தான் நிபியா தெரிந்துகொள்ளப் போகிறார். அதைத் தடுக்க என்னைத் தவிர ஆளில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது வீட்டில் எல்லாரும் தூங்கியாகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும் விளக்கு எரிகிறது. யாரிடமாவது சொல்லாவிட்டால் என்னால் மூச்சுவிட முடியாது போலிருக்கிறது.

ஹெபெர் மீன் ஆலையில் கத்தி பிடிக்கிறவர். கொர்வினா மீனை முள்ளில்லாமல் இரண்டு இழுப்பில் பிரித்துப் போடுவார். எங்கள் பேட்டையில் அந்த ஆலைக்குப் போனவர் அவர் ஒருத்தர்தான். இருட்டோடு கிளம்புவார். ரப்பர் பூட்ஸ், தோளில் பை, பைக்குள் சாப்பாட்டு டப்பா. பூட்ஸ் சத்தம் எங்கள் ஜன்னலைத் தாண்டிப் போகும்போது அம்மா புரண்டு படுப்பாள். சாயங்காலம் திரும்பி வந்தால் நிபியா அவரை உள்ளே விடமாட்டார். முற்றத்திலேயே சட்டையைக் கழற்றி வாளியில் போட வேண்டும், எலுமிச்சம்பழத்தை அறுத்து இரண்டு கையிலும் தேய்த்துக் கழுவ வேண்டும். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்றுதான். நான் சின்னப் பிள்ளையிலிருந்து பார்க்கிற காட்சி இது.

ஆனால் இந்தக் கோடையில் ஒன்று உறுத்தியது. ஆலையில் ஐஸ் தண்ணீரிலேயே கை கிடப்பதால் அவர் கை எப்போதும் வெளுத்து, ஊறிப்போன ரொட்டி மாதிரி இருக்கும். இப்போது கறுத்திருந்தது. கழுத்தும் பின்மண்டையும் செங்கல் நிறம். ஐஸ் அறையில் நிற்கிறவருக்கு எப்படி வெயில் படும்? அம்மாவும் ஒருநாள் இதைக் கேட்டாள். லாரியில ஏத்தற வேலைக்கு மாத்திட்டாங்க, அதான் இப்படிக் காயுறாரு என்றார் நிபியா. ஹெபெர் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

கார்னிவல் தொடங்குவதற்குச் சில நாள் முன்னால் அம்மா என்னைப் பழைய பட்டணத்துக்கு அனுப்பினாள். ரொட்டி சுற்றுகிற காகிதம் அங்கேதான் மலிவு. வாங்கிக்கொண்டு, காற்று வாங்கலாமே என்று துறைமுகத்துக் கல்லணைமேல் நடந்தேன். மீன் பிடிக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கோடையில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தூண்டில் பிடிக்கிறவர் ஒருத்தர்தான் இருந்தார். ஆலையில் கொடுத்த ரப்பர் ஏப்ரனை மடித்து அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறவில்லை. நகர்ந்து இடம் விட்டார். டப்பாவைத் திறந்து, ரொட்டிக்குள் வைத்த இறைச்சித் துண்டில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். நிபியா இருட்டில் எழுந்து பொரித்துக் கொடுத்தது. நான் அதைக் கையிலேயே வைத்திருந்தேன். குளிர்காலத்திலேயே ஒரு ஷிப்டை மொத்தமாக நிறுத்திவிட்டார்களாம். வேலை போனவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற படியைச் சம்பளம் என்று வீட்டில் கொடுத்து வந்திருக்கிறார். அதுவும் முடியப்போகிறதாம். மீன் பிடிப்பதால் வாசமும் அப்படியே இருக்கிறது, அந்தம்மாவுக்குச் சந்தேகம் வரவில்லை.

"சொல்லணும்னுதான் குட்டி தினமும் வீட்டுக்குப் போறேன்," என்றார். "வாயத் தொறந்தா வேற ஏதாச்சும்தான் வருது. உப்பு கம்மி, தண்ணி வரல, இந்த மாதிரி."

யாரிடமும் சொல்லாதே என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால்கூட இவ்வளவு கனமாக இருந்திருக்காது. நான் அம்மாவிடமும் சொல்லவில்லை.

அதற்கு அப்புறம்தான் காரியம் கெட்டது. நிபியா ஒரு ஹோட்டலுக்குத் துணி வெளுக்கிற கூடத்தில் வேலை செய்கிறார். நாள் பூராவும் நின்றுகொண்டே ஆவியில் போர்வை தேய்க்க வேண்டும். சாயங்காலம் கணுக்கால் இரண்டும் ரொட்டி மாவு மாதிரி உப்பியிருக்கும், அழுத்தினால் குழி விழும். போன வாரம் எங்கள் சுவரில் சாய்ந்துகொண்டு, போதும் சுல்மா, நான் வேலையவிட்டு நின்னுடப்போறேன் என்று அம்மாவிடம் சொன்னார். இவருக்குத்தான் வேலை நிலையா இருக்கே, ரெண்டு பேரும் எதுக்குச் சாகணும்? திங்கட்கிழமை கூடத்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாராம். முதலாளியின் மச்சினி அந்த இடத்துக்கு இப்போதே கண் வைத்துக் காத்திருக்கிறாளாம். கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பக் கிடைக்காது. எண்ணெய் டின்னில் தக்காளிச் செடி வைக்கப்போவதாகவும், வெயில் முகத்தில் படும்வரை தூங்கப்போவதாகவும் சொல்லிச் சிரித்தார். ஹெபெர் முற்றத்தில் பூட்ஸைக் கவிழ்த்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் பூட்ஸுக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்தே இருந்தார்.

இன்றைக்கு ஞாயிறு. விடிந்தால் திங்கள்.

எங்கள் பேட்டையான செர்ரோவில், பிப்ரவரிக் கோடையில் வீட்டுக்குள் யாரும் இருக்க மாட்டார்கள், இருக்கவும் முடியாது. கூரைத் தகரம் காய்ந்து கொதிக்கும். பேட்டைக் கமிட்டி போடுகிற மேடைக்கு டிக்கெட் கிடையாது, நாற்காலி மட்டும் நாமே கொண்டுபோக வேண்டும். மத்தியானமே நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு, கயிற்றால் ஒன்றோடொன்று கட்டி இடம் பிடித்துவிடுவார்கள். ஹெபெர் வீட்டு நாற்காலிகள் எப்போதும் கடைசியில், எங்கள் ரொட்டிக் கடைக்குப் பக்கத்தில் இருக்கும். நிபியாவுக்குக் கால் வலித்தால் பாதியில் எழுந்து போக வசதி. ஆனால் இன்றைக்கு உச்சி வெயிலில், தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, ஹெபெர் இரண்டு நாற்காலிகளையும் தூக்கிப்போய் முன்வரிசையில் நடுவில் போட்டார். காற்றில் சாயுமோ என்று காலுக்கு அண்டை கொடுத்தார். அம்மா மேஜையை விரித்தபடியே, என்ன தோன் ஹெபெர், இந்தத் தடவை உங்களையும் மேடையேத்தறாங்களா என்று கேலி செய்தாள். அவர் சிரித்தார். நெடுநேரம் சிரித்தார்.

அந்த மேடைக்கு வருகிற முர்காக் குழுவில் பேச்சே கிடையாது, எல்லாம் பாட்டு. முகத்தில் சாயம், உடம்பெல்லாம் ஜிகினா, தலையில் கோபுரம் மாதிரி தொப்பி. நாட்டில் ஒரு வருடமாக நடந்ததையெல்லாம் கிண்டலடித்து ஆடுவார்கள். அது எல்லா மேடையிலும் ஒன்றுதான். நடுவில் மட்டும், எந்தப் பேட்டைக்கு வருகிறார்களோ அந்தப் பேட்டைக்கென்று சில சரணம் புதிதாகக் கட்டிப் பாடுவார்கள். அதற்காகத்தான் பாதிக் கூட்டமே வரும். பாட்டெழுதுகிறவர் முந்தின வாரமே வந்து, சலூனிலும் அடுமனையிலும் உட்கார்ந்து, இங்க என்னப்பா சேதி என்று கேட்டுக்கொண்டு போவார். யார் எதைச் சொன்னார்கள் என்பதை மட்டும் வெளியே விடவே மாட்டார். மாமியாரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த மருமகன் மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து கைதட்டுவான். யாரைப் பாடுகிறார்களோ அவர் எழுந்து நின்று கூட்டத்துக்குக் கையாட்டிவிட்டு உட்கார வேண்டும். எழுந்திருக்காதவரைப் பேட்டை அடுத்த கார்னிவல்வரைக்கும் சும்மா விடாது. போன வருடம் எங்கள் அம்மாவின் கருகிய ரொட்டியைப் பாடினார்கள். அம்மா கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். அன்றைக்கு வியாபாரம் இரட்டிப்பு.

அந்தப் பாட்டெழுதுகிறவரை எல்லாரும் ஒல்லி என்றே கூப்பிடுவார்கள். இன்றைக்குச் சாயங்காலம் குழு வருவதற்கு முன்னாலேயே அவர் மட்டும் மேடை பார்க்க வந்தார். எங்கள் கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு, கூட வந்த பெருமுரசுக்காரருக்குப் புதுச் சரணத்தைத் தாளம் சொல்லிக் கொடுத்தார். மேஜையில் விரலால் தட்டித் தட்டிப் பாடினார். நான் மாவு உருண்டையின் நடுவில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

ரப்பர் பூட்ஸ மாட்டிக்கிட்டு இருட்டோட போறாரு,
ராசா எங்க போறாருன்னு காத்தக் கேட்டுப் பாரு.
ஆலையில அவரு கத்தி இல்ல, அலைமேல ஆபீஸு,
வீசுற மீன் வாசத்தத்தான் நம்புதுங்க வீடு.

என் விரல் மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. முரசுக்காரர் சிரித்து, இதுதான்யா இன்னிக்கு அள்ளப்போவுது என்றார். கல்லணைப் பக்கம் போன எவனோ பார்த்துவிட்டு வந்து கொடுத்திருக்கிறான் என்று நினைத்தேன். வாய் இருக்கிறவன் யார்வேண்டுமானாலும். நான் கேட்பதற்குள் இருவரும் போய்விட்டார்கள்.

அப்புறம் அந்த முன்வரிசையைப் பார்த்தேன். அவர் கொண்டுவந்து போட்ட நாற்காலி. தன் சாவுக்குத் தானே இடம் பிடித்து வைத்திருக்கிறாரே என்று தோன்றியது.

அதனால்தான் பஸ்ஸைப் பார்த்ததும் ஓடினேன்.

பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரே நெரிசல். ஜிகினாவும் வியர்வையும் சாயமும் கலந்த வாடை. ஒல்லி படியில் உட்கார்ந்து, முழங்காலில் கண்ணாடியை நிறுத்தி, முகத்தில் பாதி நீலமும் பாதி வெள்ளையுமாகப் பூசிக்கொண்டிருந்தார். பூட்ஸ்காரர் சரணத்தைப் பாடாதீங்க என்றேன். அதில் யார் பேரும் இல்லையே என்றார் அவர். எனக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும், செர்ரோவில் வேறு யார் பூட்ஸ் போட்டுக்கொண்டு இருட்டில் போகிறார்கள் என்றேன். அவர் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. எந்திரிச்சுக் கையாட்டிட்டு உக்காருவாரு, செர்ரோக்காரனுக்கு அதெல்லாம் ஒறைக்காது என்றார்.

"வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாது," என்றேன். "பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க."

"குட்டி, குடுத்தவங்க எல்லாம் தெரிஞ்சேதான் குடுத்தாங்க."

"யாரு குடுத்தது?"

"அதக் கேக்காத. அதச் சொன்னா அடுத்த வருஷம் ஒருத்தனும் எங்கிட்ட வாயத் தொறக்க மாட்டான்."

மேடையில் அறிவிப்பாளர் குழுவின் பேரைச் சொல்லத் தொடங்கிவிட்டார். முரசுக்காரர் தோளில் வாரை மாட்டினார். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது, வாய்க்குள் தானாக வந்தது.

"அவருதான் என்ன அனுப்பினாரு."

ஒல்லியின் கை நின்றது. பாதி நீல முகத்தோடு என்னை முதல்தடவையாக நேராகப் பார்த்தார்.

"அவரேவா?"

"ஆமா."

"ஹெபெரேவா? வேணாம்னு சொன்னாரா?"

"வெக்கமா இருக்குதாம். பொண்டாட்டி பக்கத்துல இருக்கறதால எந்திரிச்சு வர முடியல, நீ போய்ச் சொல்லுன்னாரு."

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். பிறகு குழுவின் இயக்குநரைக் கூப்பிட்டு, கடைசிச் சரணம் வேண்டாம் என்றார். இயக்குநர் கிதாரைத் தோளில் போட்டபடி முணுமுணுத்தார். இருக்கறதுலயே நல்ல சரணம் அதுதான், அதுக்குன்னு தாளம் வேற கட்டியாச்சு என்றார்.

"வேணாம் விடு. ஆளு பின்வாங்கிட்டாரு," என்றார் ஒல்லி.

அந்த வார்த்தை என் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. நன்றி சொன்னேனா என்றுகூட ஞாபகமில்லை. கடைக்குத் திரும்பி, வாளித் தண்ணீரில் கையை விட்டபோதுதான் மூச்சு வந்தது. அம்மா தலையில் ஒரு தட்டு தட்டி, கருகிடுச்சு பாரு, இன்னிக்கும் பாடப்போறாங்க என்றாள். நான் சிரித்தேன். அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. இருட்டு இன்னும் முழுதாக விழவில்லை, ஆற்றுப் பக்கம் வானம் ஈரல் நிறத்தில் கிடந்தது. தாளத்தட்டும் முரசும் எழும்பியபோது நாய்கள் எல்லாம் மேஜைக்கு அடியில் புகுந்தன. மந்திரிகளைப் பாடினார்கள், பஸ் கட்டணத்தைப் பாடினார்கள். பிறகு இயக்குநர் கையை உயர்த்த, எல்லாரும் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்கள். பேட்டைச் சரணம்.

நான் ரொட்டியைப் புரட்டுவதை விட்டுவிட்டு முன்வரிசையைப் பார்த்தேன். ஹெபெரின் பின்மண்டை தெரிந்தது, அந்தச் செங்கல் நிறம். அவர் நிபியாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடியிருந்தார்.

முதலில் மூலையில் தேங்குகிற சாக்கடையைப் பாடினார்கள், அதில் வாத்து வளர்க்கச் சொல்லி. கமிட்டித் தலைவர் எழுந்து கையாட்டினார். அடுத்து, காதலியின் வீட்டு மாடியிலிருந்து இறங்கும்போது கோழிக்கூண்டில் விழுந்த அடுமனைப் பையன். அவனை நாலு பேர் தூக்கி நிறுத்தினார்கள். அடுத்தது சலூன்காரர். ஒவ்வொரு சரணம் தொடங்கும்போதும் ஹெபெரின் தோள் நிமிர்ந்தது, தன்னுடையது இல்லை என்று தெரிந்ததும் தளர்ந்தது. பயப்படுகிறார், யாரோ பார்த்துவிட்டார்கள் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம்தான், முடிந்துவிடும் என்று உள்ளுக்குள்ளேயே அவருக்குச் சொன்னேன்.

சலூன்காரர் உட்கார்ந்தார். முரசு ஒரு தடவை அதிர்ந்தது. அப்போது ஹெபெர் எழுந்தார்.

யாரும் அவரைப் பாடவில்லை. ஆனாலும் அவர் பாதி எழுந்து, சட்டையைக் கீழே இழுத்துவிட்டு, மேடையைப் பார்த்தபடி நின்றார். வலது கை மேலே போகத் தயாராக மார்புக்கு நேரே வந்துவிட்டது. மேடையில் குழு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டது. தொலைக்காட்சியில் சமையல் செய்கிறவர்களைப் பற்றி ஏதோ. பின்னாலிருந்து யாரோ, உக்காருங்க தோன், மேடை மறைக்குது, கண்ணாடியா நீங்க என்றார்கள். நிபியா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் உட்கார்ந்தார். நிபியாவின் கையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

பயந்த ஆள் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

விடைபெறுகிற பாட்டைப் பாடும்போது குழு மேடையை விட்டு இறங்கிக் கூட்டத்துக்குள் வரும். எல்லாரும் எழுந்து கைதட்டிக்கொண்டே வழிவிடுவார்கள், பிள்ளைகள் சாயத்தைத் தொட்டுப் பார்க்கும். ஒல்லி பாடியபடியே முன்வரிசைக்கு வந்தார். ஹெபெரின் தோளில் கைபோட்டு, காதில் ஏதோ சொன்னார், பரவாயில்லை என்கிற மாதிரி முதுகில் தட்டினார். ஹெபெர் அவரைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, அத்தனை தலைகளுக்கும் மேலாக, எங்கள் கடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் அவரே ரொட்டி வாங்க வந்தார். அம்மா மறுபக்கம் வியாபாரத்தில் இருந்தாள். நான் இரண்டு ரொட்டியைக் காகிதத்தில் வைத்துச் சர்க்கரையைத் தூவினேன். தூவிக்கொண்டே இருந்தேன், கை நிற்கவில்லை. அவர் மெதுவாக என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"நான் எப்ப குட்டி உன்ன அனுப்பினேன்?"

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"உங்களப் பார்த்து எல்லாரும் சிரிக்கப் போறாங்கன்னு…" அதற்குமேல் வரவில்லை.

"அந்தச் சரணத்தக் குடுத்ததே நான்தான்."

மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"சலூன்ல வெச்சு அவன்கிட்டச் சொன்னேன்," என்றார். "வீட்ல சொல்ல வரல, என்ன பண்றது? இங்கன்னா பாட்டா வரும். ஊரே சிரிக்கும். நான் எந்திரிச்சுக் கையாட்டுவேன். அவளும் என்னப் பார்த்து மொதல்ல கொஞ்சம் சிரிச்சுடுவா, பழக்கம் அப்படி. சிரிச்சப்புறம் அழுதா தாங்கிக்கலாம்னு நெனச்சேன்."

இப்பவே போய்ச் சொல்லுங்களேன் என்று கெஞ்சினேன். நாளைக்குச் சாவியைக் கொடுத்துவிடுவார்களே என்றேன். அவர் நிபியா இருந்த பக்கம் பார்த்தார். அந்தம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கின காலைப் புல்மேல் வைத்து விரல்களை விரித்துக்கொண்டிருந்தார். ஹெபெர் வாயைத் திறந்தார். திறந்தது எனக்குத் தெரிந்தது.

"சர்க்கரை ஜாஸ்தியாப் போட்டுட்ட," என்று சொல்லிவிட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

நான் மறுபடி ஓடினேன். பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஊரின் அந்தக் கோடியில் அவர்களுக்கு இன்னும் மேடைகள் இருந்தன, ஏற்கெனவே நேரமாகிவிட்டது என்று டிரைவர் கத்திக்கொண்டிருந்தார். ஜன்னலைத் தட்டினேன். ஒல்லி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தலையை நீட்டினார். பொய் சொல்லிவிட்டேன், அவர் அனுப்பவில்லை, இறங்கி வந்து அந்த ஒரு சரணத்தை மட்டும் பாடுங்கள் என்றேன். மேடை வேண்டாம், முரசு வேண்டாம், அவர்கள் நாற்காலிக்கு முன்னால் நின்று பாடினால் போதும் என்றேன். சாயத்துக்குள் அவர் முகம் எப்படி மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. டிரைவரைப் பார்த்தார், பின்னால் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார்.

"அடுத்த மேடையில வேணா பாடலாம்," என்றார். "ஆனா அங்க உங்க ஹெபெர யாருக்குத் தெரியும்?"

பஸ் நகர்ந்தது. ஜன்னலோடு கொஞ்ச தூரம் ஓடினேன். அவர் கையை வெளியே நீட்டி ஏதோ சைகை காட்டினார். நீ போய்ச் சொல் என்றாரா, எனக்குத் தெரியாது என்றாரா, புரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது ஹெபெர் இரண்டு நாற்காலிகளையும் மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நிபியா செருப்பைக் கையில் பிடித்தபடி அம்மாவோடு பின்னால் வந்தார். கோழிக்கூண்டில் விழுந்த பையனை நினைத்து நினைத்துச் சிரித்தார். எங்க கல்யாணத்துக்கு முன்னாடி இவரும் ஒருநாள் எங்க கூரைல இருந்து விழுந்தாரு, அத யாரும் பாடல என்றார். அம்மா சிரித்தாள். முன்னால் போன நாற்காலிகள் ஒரு கணம் நின்றன, பிறகு போயின.

கொழுப்புச் சட்டியைத் தேய்க்க நான் முற்றத்துக்கு வந்தபோது அவர்கள் சமையலறை விளக்கு எரிந்தது. நிபியா இறைச்சித் துண்டை ரொட்டித்தூளில் புரட்டிக்கொண்டிருந்தார். நாளைக்குச் சாப்பாட்டு டப்பாவுக்கு. பக்கத்தில் ஆணியில், சிவப்பு நாடா கட்டிய கூடத்துச் சாவி தொங்கியது. மறந்துவிடக் கூடாது என்று கண்ணுக்கு நேராக மாட்டியிருந்தார். பூட்ஸ் வழக்கம்போல் சுவர்மேல் கவிழ்ந்திருந்தது. ஹெபெரைக் காணவில்லை. படுத்திருப்பார். தூங்கியிருக்க மாட்டார்.

சட்டியை உரசுகிற சத்தம் கேட்டு அந்தம்மா கையைத் துடைத்துக்கொண்டு சுவருக்கு வந்தார். நாள் நல்லா போச்சா உங்க கடைக்கு என்று கேட்டார். நல்லா போச்சு என்றேன். நாளைக்குத்தான் நான் சீக்கிரம் எந்திரிக்கற கடைசி நாள் என்று சொல்லிச் சிரித்தார். நான் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடு என்று ஒரு பக்கம். ஹெபெர் வாயால் வர வேண்டியதை நீ ஏற்கெனவே ஒரு தடவை பிடுங்கிவிட்டாய், இன்னொரு தடவையா என்று ஒரு பக்கம்.

போகத் திரும்பினவர் நின்றார். கையில் ஒட்டியிருந்த ரொட்டித்தூளை விரலால் உருட்டிக்கொண்டே, உள்ளே கேட்டுவிடாமல் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏன் குட்டி, இவரப் பத்திப் பாட்டே இல்லாதப்ப இவரு எதுக்கு இன்னிக்கு எந்திரிச்சு நின்னாரு?"